மீன் பசியில் மேலே வருவதில்லை



கொஞ்சம் நீண்ட பதிவு. வீட்டில் மீன் தொட்டி வைத்திருப்பவர்களும், பெருநாள் காசில் பிள்ளைக்கு மீன் வாங்கிக் கொடுத்தவர்களும் ஆறுதலாக வாசியுங்கள். மற்றவர்கள் தாண்டிப் போனாலும் கோபமில்லை.

ஒவ்வொரு பெருநாளும் முடிந்து ஒரு கிழமை போனதும் எங்கள் வகுப்புகளில் ஒரே செய்தியாகத்தான் இருக்கும். "சேர், எங்கட மீன் மௌத்தாகிட்டு." மீனுக்கு மௌத்தா என்று மற்றப் பிள்ளைகள் சிரிப்பார்கள். ஏன் செத்தது என்று கேட்டால் "தெரியா சேர்" என்பார்கள். வீட்டில் பெரியவர்களிடம் கேட்டாலும் பதில் கிட்டத்தட்ட அதுதான். "மீன் எண்டா அப்படித்தான், ரெண்டு நாளைக்குத்தான் இருக்கும். வேற வாங்கிக் குடுப்பம்."

இந்தப் பதிலோடுதான் எங்களுக்குச் சண்டை. ஒழுங்காகப் பார்த்தால் கோல்ட் பிஷ் பத்து வருடத்துக்கு மேலும் உயிரோடு இருக்கும். கப்பி கூட ஒரு வருடம், இரண்டு வருடம் இருக்கும். வாங்கி ஒரு கிழமையில் செத்த மீன் வயது போய்ச் சாகவில்லை. அதுவும் திடீரென்று சாகவில்லை. பெரும்பாலான மீன்கள் இரண்டு மூன்று நாட்களுக்கு முன்பே தங்கள் வருத்தத்தைக் காட்டிவிடுகின்றன. பார்க்கத் தெரியாமல், அல்லது பார்த்த பிள்ளை சொன்னதைக் கேட்காமல், நாங்கள்தான் விட்டுவிடுகிறோம்.

ஊருக்குப் புத்தி சொல்ல முதல் எங்கள் கதையைச் சொல்லிவிடுகிறோம். பாடசாலை விஞ்ஞான அறைக்குப் பழைய மாணவர்கள் ஒரு 2 அடித் தொட்டி அன்பளிப்புச் செய்திருந்தார்கள். ஐம்பது லீற்றர் சொச்சம் தண்ணீர் பிடிக்கும். அதில் 11 கோல்ட் பிஷ். அது கூட்டம் கூட என்பது இப்போது தெரிகிறது, அப்போது "வடிவா இருக்கு" என்று மட்டும்தான் தெரிந்தது. ஒரு வியாழக்கிழமை வலயத்திலிருந்து மேற்பார்வைக்கு வருகிறார்கள் என்று சொன்னார்கள். உடனே புதன் பின்னேரம் சுத்திகரிப்பு தொடங்கியது. தண்ணீர் முழுவதையும் இறைத்தோம். கல்லை வாளியில் போட்டுத் தேய்த்தோம். பில்டரில் இருந்த பஞ்சு கருமண்ணிறமாக இருந்தது. அதைப் பைப்புக்குக் கீழே பிடித்து வெள்ளையாகும் வரைக்கும் பிழிந்தோம். பிறகு அதே பைப் தண்ணீரால் தொட்டியை நிரப்பினோம். கண்ணாடி பளபளவென்று இருந்தது. வந்தவர்களும் பாராட்டிவிட்டுப் போனார்கள்.

வெள்ளிக்கிழமை காலை தரம் 7 பிள்ளை ஒன்று வந்து சொன்னது: "சேர், மீனெல்லாம் மேல வந்து வாயத் திறந்து திறந்து மூடுது."

"பசிக்கிது போல. சாப்பாடு போடச் சொல்லுங்க."

சாப்பாடு போடும் பொறுப்பு ஒரு மாணவனுடையது. அவன் இரண்டு தரம் போட்டான். மீன்கள் தொடவில்லை. அதையும் அந்தப் பிள்ளை வந்து சொன்னது. ஜும்ஆவுக்கு நேரமாகிவிட்டதால் நாங்கள் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டோம். பாடசாலை விட்டதும் வழமை போல மெயின் சுவிட்சை நிறுத்தினார்கள். எயார் பம்ப்பும் நின்றது. சனி, ஞாயிறு போய்த் திங்கள் வந்து பார்த்தால் எட்டு மீன்கள் மிதந்தன. செவ்வாய்க்கிழமையோடு மற்ற மூன்றும் முடிந்தன.

அத்தோடு விட்டிருந்தால் பரவாயில்லை. தண்ணீரில் ஊறிக்கிடந்த சாப்பாட்டைக் கண்டதும், முழு வகுப்புக்கும் முன்னால் அந்த மாணவனை ஏசினோம். "கூடப் போட்டதாலதான் செத்தது" என்று தீர்ப்பும் சொன்னோம். அவன் ஒன்றும் பேசவில்லை. கையைக் காற்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு நின்றான். அதன் பிறகு அந்த அறைப் பக்கம் அவன் வரவேயில்லை.

சில கிழமைகள் கழித்து மேல் வகுப்பொன்றில் நைதரசன் வட்டம் படிப்பித்துக்கொண்டிருந்தோம். கல்வியற் கல்லூரியில் இதே வட்டத்தை வரைந்து புள்ளி வாங்கியவர்கள்தான் நாங்கள். அமோனியாவிலிருந்து நைத்திரைற்று, நைத்திரைற்றிலிருந்து நைத்திரேற்று, இடையில் பற்றீரியா என்று கரும்பலகையில் அம்புக்குறி போடும்போதுதான் பஞ்சு ஞாபகம் வந்தது. அந்தக் கருமண்ணிற அழுக்கில்தானே அந்தப் பற்றீரியா குடியிருந்தது!

விஷயம் இதுதான். மீன் மூச்சு விடும்போது செவுள் வழியாகவே அமோனியாவை வெளியேற்றுகிறது. கழிவும், சாப்பிடாமல் விட்ட உணவும் அழுகி அதைக் கூட்டுகின்றன. அமோனியா மீனுக்கு நஞ்சு. பழகிய தொட்டியில் பஞ்சிலும் கல்லிலும் ஒட்டியிருக்கும் நல்ல பற்றீரியா அதை முதலில் நைத்திரைற்றாகவும், பிறகு அவ்வளவு ஆபத்தில்லாத நைத்திரேற்றாகவும் மாற்றுகிறது. புதிய தொட்டியில் இந்தப் பற்றீரியா போதியளவு வளர நான்கு முதல் ஆறு கிழமைகள் எடுக்கும். நாங்கள் அதை ஒரு பின்னேரத்தில் குளோரீன் தண்ணீரால் கழுவிச் சாக்கடையில் விட்டோம். அந்தக் குளோரீன் மீனின் செவுளையும் நேரடியாக எரித்திருக்கும். பிள்ளை கண்டது பசியை இல்லை, மூச்சுத் திணறலை. அதற்கு மருந்தாக நாங்கள் கொடுத்தது இன்னும் அமோனியா தரக்கூடிய சாப்பாடு. மாணவன் போட்ட இரண்டு சிட்டிகை கடைசி உதை மட்டும்தான். அதையும் போடச் சொன்னவர்கள் நாங்கள்.

பெருநாள் மீன்கள் சாவதும் அனேகமாக இதே காரணத்தால்தான். காலையில் தொட்டி, மத்தியானம் தண்ணீர், பின்னேரம் மீன், இரவில் உறவுக்காரப் பிள்ளைகள் எல்லாம் ஆளுக்கொரு பிடி சாப்பாடு. ஒரு கிழமைக்குள் அமோனியா உச்சிக்கு ஏறிவிடும். சுண்ணாம்பு கூடிய கிணற்றுத் தண்ணீர் என்றால் பீ.எச். கூட, பீ.எச். கூடக்கூட அமோனியாவின் நஞ்சும் கூடும்.

ஆகவே மேலே வந்து வாய் திறக்கும் மீனைக் கண்டால் சாப்பாட்டு டப்பாவைத் தூக்காதீர்கள். பசித்த மீன் உங்களைக் கண்டதும் முன் கண்ணாடிக்கு ஓடி வரும், துள்ளும், பிறகு திரும்பிப் போகும். மூச்சுத் திணறும் மீன் யார் வந்தாலும் வராவிட்டாலும் நீர்மட்டத்திலேயே தொங்கிக்கொண்டிருக்கும். செவுள் மூடி வேகமாக அடிக்கும். சில நேரம் செவுள் ஓரம் கடும் சிவப்பாகத் தெரியும். நைத்திரைற்று கூடினால் செவுள் மண்ணிறமாகும். இதற்கு ஒரு விதிவிலக்கும் உண்டு. பைட்டர், கௌராமி போன்றவை எங்கள் குளத்து விராலைப் போலவே மேலே வந்து காற்றைக் குடிப்பவை. அவை இடைக்கிடை வந்து ஒரு மிடறு எடுத்துவிட்டுக் கீழே போனால் அது நோய் இல்லை.

மற்ற அடையாளங்கள் இவ்வளவு சத்தமாக இருக்காது. செட்டையை உடம்போடு ஒடுக்கி வைத்துக்கொண்டு மூலையில் நிற்கும். எப்போதும் கூட்டமாகத் திரிந்தது தனித்துவிடும். நிறம் மங்கும். இரவில் லைட் போட்டதும் பார்த்துவிட்டு மங்கிவிட்டது என்று பயப்படாதீர்கள். இருட்டில் பல மீன்கள் வெளிறித்தான் இருக்கும், கொஞ்ச நேரத்தில் நிறம் திரும்பும். சாப்பாட்டை வாயில் எடுத்துத் துப்புவதும் ஒரு குறி. வெள்ளை நூல் போல நீண்ட கழிவு தொங்கி, வயிறும் ஒட்டிப்போனால் குடலில் ஒட்டுண்ணி இருக்கக்கூடும். செட்டை ஓரம் வெள்ளைக் கோடு விழுந்து கிழிந்துகொண்டே போனால் செட்டை அழுகல். அது பற்றீரியாவின் வேலை, தண்ணீர் அழுக்கானால் வருவது. வாயைச் சுற்றிப் பஞ்சு ஒட்டியது போல இருந்தால் எல்லாரும் பங்கசு என்பார்கள், கடைக்காரரும் பங்கசு மருந்தைத்தான் தருவார். அனேகமாக அதுவும் ஒரு பற்றீரியா நோய்தான், அந்த மருந்துக்கு நிற்காது.

வயிறு ஊதி, மேலே இருந்து பார்க்கும்போது செதில்கள் அன்னாசிப்பழம் போல நிமிர்ந்து நின்றால் உள்ளே சிறுநீரகம் கைவிட்டுவிட்டது என்று பொருள். அதிலிருந்து மீளும் மீன் குறைவு. உண்மையைச் சொல்வதுதான் நல்லது. கோல்ட் பிஷ் தலைகீழாக மிதந்தால் மட்டும் உடனே கைவிட வேண்டாம். கூடச் சாப்பிட்டு வயிறு அடைத்தாலும் அப்படி மிதக்கும். இரண்டு மூன்று நாள் சாப்பாட்டை நிறுத்திப் பாருங்கள். வளர்ந்த மீன் சில நாள் பட்டினி கிடந்து சாகாது.

வெள்ளைப் புள்ளி நோயைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் மாரி தொடங்கி இரவு குளிர்ந்ததும் ஒவ்வொரு வருடமும் இது வருகிறது, ஒவ்வொரு வருடமும் ஒரே பிழை நடக்கிறது. உடம்பிலும் செட்டையிலும் உப்புக் கல் தூவியது போல வெள்ளைப் புள்ளிகள். அதற்கு முதல் மீன் கல்லிலும் குழாயிலும் உடம்பை உரசிக்கொண்டு திடீர் திடீரென்று பாயும். பிள்ளைகள் அதை "மீன் விளையாடுது" என்பார்கள். அந்த உரசல்தான் முதல் தகவல்.

இது கண்ணுக்குத் தெரியாத ஓர் உயிரியின் வேலை. மீனின் தோலுக்குள் இருந்து சாப்பிட்டு வளரும். வளர்ந்ததும் கழன்று கீழே விழுந்து, ஓடு கட்டிக்கொண்டு, உள்ளே நூற்றுக்கணக்கில் பெருகும். பிறகு அத்தனையும் நீந்தி வெளியே வந்து அடுத்த மீனைத் தேடும். மருந்து கொல்வது இந்த நீந்தும் பருவத்தை மட்டும்தான். தோலுக்குள் இருப்பதையும் ஓட்டுக்குள் இருப்பதையும் அது தொடாது. அதனால்தான் இரண்டு நாள் மருந்து போட்டு, புள்ளி மறைந்ததும் "சுகமாகிட்டு" என்று நிறுத்தியவர்களுக்கு அடுத்த கிழமை முழுத் தொட்டியும் வெள்ளையாகிறது. புள்ளி மறைந்தது சுகம் இல்லை, அவை பெருகுவதற்காக இறங்கியிருக்கின்றன. புள்ளிகள் போன பிறகும் பத்து நாள், இரண்டு கிழமை வைத்தியத்தைத் தொடருங்கள். ஹீட்டர் இருந்தால் சூட்டை மெதுமெதுவாக 30 பாகைக்கு ஏற்றுங்கள். வட்டம் வேகமாக ஓடி முடியும். சூடான தண்ணீரில் ஒட்சிசன் குறைவு என்பதால் எயார் பம்ப்பைக் கூட்டி விட வேண்டும். கப்பி, மொலி, கோல்ட் பிஷ் என்றால் லீற்றருக்கு ஒரு கிராம், இரண்டு கிராம் அளவில் உப்பைக் கரைத்துச் சிறிது சிறிதாகச் சேர்க்கலாம். செடி உள்ள தொட்டிக்கும் செதில் இல்லாத மீனுக்கும் உப்பு ஒத்துக்கொள்ளாது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. பெற்றார் ஒருவர் தன் கோல்ட் பிஷ்ஷின் செவுள் மூடியில் வெள்ளைப் புள்ளி என்று போனில் படம் அனுப்பினார். ஒரு போத்தல் மருந்து ஏற்கனவே முடிந்திருந்தது. புள்ளிகள் செவுள் மூடியிலும் முன் செட்டையின் முதல் முள்ளிலும் மட்டும் வரிசையாக இருந்தன. மீன் நன்றாகச் சாப்பிட்டது, ஓடித் திரிந்தது. அது ஆண் மீன், இனப்பெருக்கக் காலத்தில் அப்படித்தான் வரும். மாப்பிள்ளைக் கோலத்தில் நின்ற மீனுக்கு வருத்தம் என்று மருந்து ஊற்றியிருக்கிறார்!

எங்கள் பெரிய மனக்குறை இந்த மருந்து ஊற்றும் பழக்கத்தில்தான். மீன் சோர்ந்தால் முதலில் நீல மருந்து, அடுத்த நாள் பச்சை மருந்து, அதற்கும் சரிவராவிட்டால் வீட்டில் மிச்சமிருக்கும் அன்டிபயட்டிக் கெப்சூலை உடைத்துத் தொட்டியில் கொட்டுவது. தயவுசெய்து இந்தக் கடைசி வேலையைச் செய்யாதீர்கள். என்ன பற்றீரியா, என்ன அளவு என்று தெரியாமல் போடும் கெப்சூல் நோயைத் தொடாமல் பில்டரில் இருக்கும் நல்ல பற்றீரியாவைக் கொல்லலாம். பிறகு அமோனியா ஏறும், மீன் அதில் சாகும். மருந்துக்குப் பழகிப்போன கிருமியோ அந்தத் தண்ணீரோடு உங்கள் கானுக்குப் போகும்.

எந்த அடையாளத்தைக் கண்டாலும் முதல் வேலை தண்ணீர்தான். தொட்டியின் கால்வாசித் தண்ணீரை எடுத்துவிட்டு, ஒரு நாள் வாளியில் திறந்து வைத்த தண்ணீரை ஊற்றுங்கள். அவசரம் என்றால் கடையில் விற்கும் அன்டி குளோரீன் துளிகள் போதும். கிணற்றுத் தண்ணீரில் குளோரீன் இல்லை என்றாலும் இறைத்த உடனே அதில் ஒட்சிசன் குறைவு. அதையும் வாளியில் வைத்துக் காற்று விட்டுத்தான் ஊற்ற வேண்டும். சாப்பாட்டை ஒரு நாள் நிறுத்துங்கள். பில்டர் பஞ்சை ஒருபோதும் பைப்பில் கழுவ வேண்டாம். தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரில் இரண்டு தரம் பிழிந்தால் போதும், மண்ணிறமாகவே இருக்கட்டும். அழுக்காக இருக்கிறதே என்று உம்மாமாருக்குக் கை துருதுருக்கும் என்பது தெரியும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு விஷயம் மீனைப் பற்றியது இல்லை, உங்களைப் பற்றியது. மீன்களுக்கு வரும் காசநோய் வகைப் பற்றீரியா ஒன்று இருக்கிறது. மீன் மெலிந்து, முதுகு வளைந்து, புண் வந்து மெதுவாகச் சாகும். அந்தத் தொட்டியில் காயமுள்ள கையை விட்டால் சில கிழமைகள் கழித்து விரலிலோ முழங்கையிலோ ஆறாத கட்டி வரலாம். மாதக்கணக்கில் மருந்து எடுக்க வேண்டிவரும். டொக்டரிடம் போனால் "வீட்டில் மீன் தொட்டி இருக்கு" என்று நீங்களாகவே சொல்லுங்கள். அவர்கள் அதை ஊகிக்க வழியில்லை. கையில் வெட்டுக்காயம் இருந்தால் தொட்டியில் கை விடாதீர்கள். குழாயை வாயால் உறிஞ்சித் தண்ணீர் இறைக்கும் வேலையை இன்றோடு நிறுத்துங்கள். எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள், நாங்களும் செய்திருக்கிறோம்.

கடையில் வாங்கும்போது உங்களுக்குப் பிடித்த மீனைப் பார்க்க முதல் அதே தொட்டியில் இருக்கும் மற்ற மீன்களைப் பாருங்கள். ஒன்று செத்துக் கிடந்தாலோ, ஒன்று உரசித் திரிந்தாலோ அந்தத் தொட்டியில் எதையும் வாங்க வேண்டாம். உங்கள் முன்னாலேயே சாப்பாடு போடச் சொல்லுங்கள், நல்ல கடைக்காரர் கோபிக்கமாட்டார். வாங்கிய மீனை நேரே பழைய மீன்களோடு விடாமல் ஒரு பேசினில் காற்று விட்டு இரண்டு மூன்று கிழமை தனியே வைத்துப் பாருங்கள். பையில் வந்த தண்ணீரைத் தொட்டிக்குள் ஊற்றக் கூடாது. இதெல்லாம் கரைச்சல் என்று தோன்றினால் மீன் வாங்காமல் விடுவதும் ஒரு நல்ல முடிவுதான். பெருநாளுக்குச் சைக்கிள் வாங்கிக் கொடுங்கள்.

வளர்க்க முடியாமல் போன மீனையும், வருத்தம் பிடித்த மீனையும் ஆற்றிலோ குளத்திலோ களப்பிலோ விடுவது புண்ணியம் என்று சிலர் நினைக்கிறார்கள். கத்தி மீனும் டேங்க் கிளீனரும் இப்படி வீட்டுத் தொட்டிகளிலிருந்து போய்த்தான் இன்று எங்கள் நாட்டு நீர்நிலைகளில் தொல்லையாகியிருக்கின்றன. உயிரோடு டொய்லட்டில் ஊற்றுவதும் வேண்டாம். தேறாது என்று உறுதியான மீனை ஒரு பாத்திரத்தில் எடுத்து, பாமசியில் வாங்கும் கராம்பு எண்ணெயை இளஞ்சூட்டுத் தண்ணீரில் நன்றாகக் குலுக்கிச் சிறிது சிறிதாகச் சேர்த்தால் அது மயங்கிவிடும். இன்னும் சேர்த்தால் மயக்கத்திலேயே போய்விடும்.

பூனையைக் கட்டி வைத்துப் பட்டினி போட்ட பெண்ணைப் பற்றிய ஹதீஸை மிம்பரில் நிறையக் கேட்டிருக்கிறோம். எங்களுக்கு இந்த விஷயத்தில் அடிக்கடி ஞாபகம் வருவது மற்றது. சிறுவன் அபூ உமைரின் சின்னக் குருவி இறந்துவிட்டது. நபி (ஸல்) அவர்கள் அந்தப் பிள்ளையிடம் அவனது குருவியைப் பற்றி அன்போடு விசாரித்தார்கள். எங்கள் வகுப்பில் 11 மீன் செத்த நாளில் ஒரு பிள்ளையிடமாவது மனவருத்தமா என்று நாங்கள் கேட்கவில்லை.

நைதரசன் வட்டம் படிப்பித்த அடுத்த நாள் அந்தத் தரம் 7 வகுப்புக்குப் போய் நடந்ததைச் சொன்னோம். பஞ்சைக் கழுவியது யார், சாப்பாடு போடச் சொன்னது யார், முதலில் கண்டு சொன்னது யார், அதைக் கேட்காதது யார், எல்லாவற்றையும். யாரை ஏசினோமோ அந்த மாணவனிடம் எல்லாருக்கும் முன்னால் மன்னிப்புக் கேட்டோம். அவன் குனிந்துகொண்டே, "பரவால்ல சேர்" என்றான். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப இனி பஞ்ச யாரு கழுவுற?" என்று கேட்டான்.

இப்போது அவன்தான் கழுவுகிறான், பழைய தண்ணீரில். தொட்டியில் 9 கப்பிகள் இருக்கின்றன. அந்தப் பிள்ளை தினமும் முதலாம் பாடத்துக்கு முன் ஒரு நிமிடத்துக்குச் செவுள் எத்தனை தரம் அடிக்கிறது என்று எண்ணி ஒரு சீ.ஆர். கொப்பியில் எழுதுகிறது. எயார் பம்ப்புக்குத் தனி வயர் இழுத்து, "இதை நிறுத்த வேண்டாம்" என்று மூன்று மொழியிலும் எழுதி ஒட்டியிருக்கிறோம். போன கிழமை அவள் கொப்பியோடு வந்து, ஒரு மீன் நேற்றையை விட இருபது தரம் கூட அடிக்கிறது என்றாள். பாடத்தை நிறுத்திவிட்டு எல்லாரும் போய்ப் பார்த்தோம். குட்டி போடப் போகும் கப்பி. பின்னேரம் 14 குட்டிகள். ஒதுக்கி வைக்கப் பழைய சிறிய தொட்டி யாரிடமாவது இருந்தால் இன்பொக்ஸில் சொல்லுங்கள், நாங்களே வந்து எடுத்துக்கொள்கிறோம்.